வழக்கு போட்டவர் எதிரி என்றால் குற்றம் இல்லை என்று ஆகிவிடுமா?

வைகைக்கரை:

எங்கள் வீட்டில் இது முப்பது வருடத்துச் சண்டை. அப்பா இரட்டை இலை, பெரியப்பா உதயசூரியன். 1996 டிசம்பர் 7 அன்று ஜெயலலிதாவைக் கைது செய்து சென்னை மத்தியச் சிறையில் வைத்தபோது அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2001 ஜூன் 30 விடியற்காலையில் கலைஞரைத் தூக்கிக்கொண்டு போன காட்சியை சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டது. பெரியப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி, "அன்னைக்கு எங்கம்மாவுக்குச் செஞ்சாங்கல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் கரும்பு தனித்தனியாக வந்து இறங்கியது.

இப்போது ஏன் கிளப்புகிறேன் என்றால், 2025 அக்டோபரில் பிரான்சின் முன்னாள் அதிபர் சர்கோசி சிறைக்குப் போன செய்தியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் ஒரு நண்பர், "அங்கே நடந்தால் நீதி, இங்கே நடந்தால் பழிவாங்கலா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முன்னாள் முதல்வர், முன்னாள் அமைச்சர் மீது அடுத்து வரும் ஆட்சி போடுகிற வழக்கை நாம் நம்பலாமா? கட்சிக்காரராக இல்லாமல், பார்த்ததையும் தெரிந்ததையும் வைத்துச் சொல்லுங்கள்.


அச்சுக்கோப்பவன்:

நம்பக் கூடாது. 2001-ஐ வைத்துத்தான் சொல்கிறேன். அப்போது சென்னையில் பத்திரிகை வேலை, அன்றைக்கு எனக்கு இரவு ஷிப்ட்.

மேம்பாலம் கட்டியதில் 12 கோடி ரூபாய் முறைகேடு என்று புகார். கொடுத்தவர் மாநகராட்சி ஆணையர். புகார் பதிவாகி மறுநாள் விடிவதற்குள் 77 வயது மனிதரின் படுக்கையறைக்குள் போலீஸ். கோப்புகளைப் பார்த்து, ஒப்பந்ததாரரை விசாரித்து, கணக்கைச் சரிபார்ப்பதற்கு ஒரு ராத்திரி போதுமா? அதுவும் சனிக்கிழமை விடியற்காலை. திங்கள்கிழமை வரை கோர்ட் வேலை நடக்காது என்று தெரிந்தே குறித்த நேரம் அது. மத்திய அமைச்சராக இருந்த முரசொலி மாறனை இழுத்த இழுப்பை நாடே பார்த்தது. அந்தக் களேபரத்தில் ஆளுநர் பாத்திமா பீவியே பதவி விலக வேண்டியதாயிற்று. சில நாள் கழித்துப் பார்த்தால் கலைஞரை விடுவித்துவிட்டார்கள். அந்த வழக்கில் அவருக்கு எதிராகக் கடைசிவரை எதுவும் நிரூபணமாகவில்லை.

குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்கிற வேலையா இது? ஆட்சிக்கு வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. ஒரு மனிதரை அவமானப்படுத்தியதை ஊர் பார்க்க வேண்டும், அதுதான் நோக்கம்.


ஓய்வு எழுத்தர்:

தம்பி வைகைக்கரை, உங்கள் ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழக்கை யார், என்ன எண்ணத்தில் தொடங்கினார் என்பது ஒன்று. குற்றம் நடந்ததா என்பது இன்னொன்று. முப்பத்தோரு வருடம் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குக் கட்டு சுமந்தவன் நான். கெட்ட எண்ணத்தோடு போட்ட உண்மையான வழக்கும் பார்த்திருக்கிறேன், நல்ல எண்ணத்தோடு போட்ட பொய் வழக்கும் பார்த்திருக்கிறேன்.

ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கையே எடுங்கள். தொடங்கியவர்கள் எதிரிகள்தான், அதில் சந்தேகமே இல்லை. 1996 ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி சென்னை முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். செப்டம்பரில் லஞ்ச ஒழிப்புத்துறை முதல் தகவல் அறிக்கை பதிந்தது. அப்போது திமுக ஆட்சி. நல்லம்ம நாயுடு விசாரணை அதிகாரி. 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை எவ்வளவு வரவு, எவ்வளவு சொத்து என்று கணக்குப் போட்டு 1997-ல் 66.65 கோடி என்று குற்றப்பத்திரிகை. சம்பளம் மாதம் ஒரு ரூபாய் போதும் என்று அறிவித்த முதல்வர் அவர். தொடங்கியவர்கள் மனதில் பகை இருந்திருக்கும். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்து ஏட்டில் ஒரு நிலம் யார் பேருக்கு, எந்தத் தேதியில், என்ன விலைக்குக் கிரயமானது என்பதைப் பகை எழுத முடியாது. அது முன்பே எழுதியிருக்கும்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். 2001 மே மாதம் ஆட்சி மாறியது. ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேரை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அப்படி மாற்றிச் சொன்னால் அரசு வழக்கறிஞர் உடனே எழுந்து, "இவர் பிறழ்சாட்சி, நான் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும்" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் குற்றம்சாட்டப்பட்டவரை நீதிபதி நேரில் கேள்வி கேட்கிற 313-ஆம் பிரிவு இருந்ததே, அதற்கும் விலக்குக் கொடுத்து, கேள்வித்தாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதையெல்லாம் எடுத்துவைத்து க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18-ஆம் தேதி வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றினார்கள்.

பெங்களூரு போனபின் என்ன ஆயிற்று? 2011-ல் அவர் மறுபடி முதல்வர். அப்படியிருந்தும் அக்டோபரிலும் நவம்பரிலுமாக நான்கு நாள் நேரில் போய் உட்கார்ந்து 1,339 கேள்விக்குப் பதில் சொன்னார். அதே வழக்கு, அதே ஆவணம், அதே சாட்சி. கோர்ட் இருக்கும் ஊர் மட்டும் மாறியது.

சாட்சி மாறுவது என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நான் பார்த்த ஒன்று. பெரிய வழக்கு இல்லை. உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ஒருவர் மீது லஞ்ச வழக்கு. மகஜருக்கு, அதாவது பணத்தைப் பிடித்ததை அங்கேயே எழுதிவைக்கிற காகிதத்துக்கு, சாட்சி ஒரு கிராம உதவியாளர். முதலில் வந்தபோது பணம் எண்ணியதை, நோட்டின் நம்பரை எழுதியதை, தான் கையெழுத்துப் போட்டதைத் தெளிவாகச் சொன்னார். ஒன்றரை வருடம் கழித்து மறுபடி அழைத்தார்கள். அதற்குள் பிரமுகரின் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது. மகஜரை அவர் கையில் கொடுத்தது நான்தான். காகிதம் படபடவென்று ஆடியது, அவர் கை அப்படி நடுங்கியது. "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார்கள். "என் கையெழுத்து மாதிரி இருக்குங்க. நான் போட்ட ஞாபகம் இல்லீங்க" என்றார். சொல்லும்போது நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவர் மகன் தற்காலிக வேலையில் இருந்தான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.


சட்டக்கல்லூரி மூன்றாமாண்டு:

ஓய்வு எழுத்தர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெங்களூரு போனதால் மட்டும் வழக்கு பத்திரமாகிவிடவில்லை. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி குன்ஹா நான்கு ஆண்டு சிறை, 100 கோடி அபராதம் என்று தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீடு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அரசுத் தரப்பில் வாதாட வந்த பவானி சிங்கை நியமித்தது யார் தெரியுமா? தமிழக அரசு. அதாவது தண்டனை பெற்றவரின் கட்சி நடத்திய அரசு. அந்த உரிமை தமிழகத்துக்குக் கிடையாது, கர்நாடகம்தான் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரல் 27-ல் சொன்னது. அதற்குள் வாதமே முடிந்துவிட்டது. அதன்பின் கர்நாடகம் நியமித்த அரசு வழக்கறிஞர் ஆச்சார்யாவால் வாதத்தை எழுத்துமூலம்தான் கொடுக்க முடிந்தது.

மே 11-ல் விடுதலை. அந்தத் தீர்ப்பில் கடன் தொகையைக் கூட்டிய பக்கத்தை எங்கள் வகுப்பில் பலகையில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். பத்து இனம். கூட்டினால் 10.67 கோடி வருகிறது. தீர்ப்பில் 24.17 கோடி. அந்த 13.5 கோடி வித்தியாசத்தால்தான் வருமானத்துக்கு மீறிய சொத்து 8.12 சதவீதம் என்று இறங்கி, 10 சதவீதத்துக்குள் இருப்பதால் குற்றமில்லை என்று ஆனது. சரியாகக் கூட்டினால் 76 சதவீதம் பக்கம் போகும். 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து குன்ஹா தீர்ப்பை நிலைநிறுத்தியது. முதலாவதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஜெயலலிதா அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2016 டிசம்பர் 5-ல் இறந்துவிட்டார். மற்ற மூன்று பேர் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனார்கள்.

புகாரிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை 20 வருடத்துக்கு மேல். நான் பிறப்பதற்கு முன்னால் தொடங்கிய வழக்கு, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முடிந்தது.


தகடூரான்:

இங்கே யாரும் எங்கள் ஊரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை என்று மத்தியானம் செய்தி வந்தது. தருமபுரி பக்கத்தில் இலக்கியம்பட்டியில் சாலை மறியல். கோவை வேளாண் பல்கலைக்கழகத்து மாணவிகள் கல்விச் சுற்றுலா முடிந்து வந்துகொண்டிருந்த பேருந்து மாட்டிக்கொண்டது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். மூன்று பெண் பிள்ளைகள் உள்ளேயே போய்விட்டார்கள்.

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சாயங்காலம் சைக்கிளில் அந்த வழியாக வந்தேன். பேருந்தின் ஜன்னல் கம்பிகள் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தன. ரோட்டில் கண்ணாடித் தூள், அதற்கு நடுவில் ஒரு ஜோல்னா பை பாதி எரிந்து கிடந்தது. அந்த வாடை இரண்டு மூன்று நாள் மூக்கில் நின்றது. அம்மா என்னை அந்தப் பக்கமே போகவிடவில்லை.

அந்த வழக்கின் மேல்முறையீட்டில் அவர் பின்னால் விடுதலையானார். கொளுத்தியவர்களில் மூன்று பேருக்குத் தூக்கு என்றார்கள், 2016-ல் ஆயுள் ஆக்கினார்கள், 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர் நூற்றாண்டை ஒட்டி வெளியில் விட்டார்கள். எம்.ஜி.ஆர் நூற்றாண்டுக்கும் அந்தப் பிள்ளைகளின் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தலைவர்மீது வழக்குப் போடுவது நீதியா பழியா என்று பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தொண்டன் மனதில் "எங்கம்மாவுக்குச் செஞ்சாங்க, எங்கய்யாவுக்குச் செஞ்சாங்க" என்று ஏற்றிவிடுவது யார் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். வைகைக்கரை அண்ணே, உங்கள் அப்பாவைக் குறை சொல்லவில்லை.


வைகைக்கரை:

தம்பி, நீங்கள் சொன்னது சரிதான். அப்பாவிடம் இன்றைக்கு அதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.


அச்சுக்கோப்பவன்:

தகடூராருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கைதுப் படங்களைப் பத்திரிகைப் பக்கத்தில் வைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் என் வாதத்தை விடவில்லை. இந்த வழக்குகளால் கடைசியில் லாபம் யாருக்கு என்று பாருங்கள். நெருக்கடி நிலைக்கு இந்திரா காந்தியிடம் பதில் கேட்க வேண்டும் என்று ஜனதா அரசு ஷா கமிஷன் போட்டது, சரியான காரியம். ஆனால் 1977 அக்டோபர் 3-ல் அவசரப்பட்டுக் கைது செய்தார்கள். மறுநாளே மாஜிஸ்திரேட் ஆதாரம் இல்லை என்று அனுப்பிவிட்டார். 1978 டிசம்பரில் மக்களவையிலிருந்து நீக்கி ஒரு வாரம் திகாரில் வைத்தார்கள். 1980 ஜனவரியில் 353 இடத்தோடு திரும்பி வந்தார். கமிஷன் சொன்ன அத்தனை உண்மையும் அந்த வெற்றிக்குள் மூழ்கிப்போயிற்று.

நம் ஊரிலும் அதே கதை. 1996-ல் கைது, 1998 மக்களவைத் தேர்தலில் அதிமுக அணிக்கு 39-ல் 30. 2001-ல் கைது, 2004-ல் திமுக அணிக்கு 39-க்கு 39. தேர்தலுக்கு ஆயிரம் காரணம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு கைதும் அடுத்த தேர்தலுக்கு ஒரு கண்ணீர்ப் படத்தைக் கையில் கொடுத்தது.

இன்னொன்று. 1972-ல் கலைஞர் ஆட்சி மீது எம்.ஜி.ஆர் குடியரசுத் தலைவரிடம் கொடுத்த ஊழல் புகாரை வைத்து 1976-ல் சர்க்காரியா கமிஷன் வந்தது. அதன் பேரில் வழக்கும் வந்தது. 1980-ல் கலைஞர் "நேருவின் மகளே வருக" என்று இந்திராவோடு கூட்டணி சேர்ந்ததும் அந்த வழக்குகள் என்ன ஆயின? கைவிட்டார்கள். குற்றம் உண்மையென்றால் கூட்டணி வந்ததும் எப்படிக் கரைந்தது? பொய்யென்றால் எதற்காகப் போட்டார்கள்? எப்படிப் பார்த்தாலும் நீதி என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.


கிள்ளான்வாசி:

வணக்கம். மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஊர் விவரம் எனக்குச் செய்தித்தாள் அளவுதான். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், உபயோகப்படலாம்.

2018 மே தேர்தலில் 61 ஆண்டாக ஆண்ட கூட்டணி தோற்றது. இரண்டு மாதத்தில் முன்னாள் பிரதமர் நஜிப் மீது வழக்கு. அவர் ஆட்கள் எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை, பழிவாங்கல். என் மாமாவும் அதையே சொன்னார். அரசு நிறுவனமான எஸ்ஆர்சியிலிருந்து 42 மில்லியன் ரிங்கிட் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு வந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. 2020 ஜூலையில் 12 ஆண்டு சிறை, 210 மில்லியன் அபராதம்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். தீர்ப்பு வருவதற்கு முன்பே ஆட்சி கவிழ்ந்து, அவருடைய கட்சி மறுபடி அரசாங்கத்துக்குள் வந்துவிட்டது. 2022 ஆகஸ்ட் 23-ல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து அவரைக் காஜாங் சிறைக்கு அனுப்பிய அன்று பிரதமராக இருந்தவர் இஸ்மாயில் சப்ரி. நஜிப்பின் சொந்தக் கட்சியான அம்னோக்காரர். தலைமை நீதிபதி தெங்கு மைமுன் தீர்ப்பைப் படித்ததை நான் வேலையிடத்தில் கைப்பேசியில் பார்த்தேன். கேண்டீனில் யாரும் பேசவில்லை. அன்று இரவு மாமாவுக்குப் போன் போட்டேன். "இப்ப நம்ம ஆளுங்கதானே ஆட்சி. அப்புறம் எப்படி பழிவாங்கல்னு சொல்றது" என்றார்.

2024-ல் மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாகக் குறைத்தது, அது வேறு வருத்தம். இதே நாட்டில்தான் 1998-ல் துணைப் பிரதமராக இருந்த அன்வாரை நீக்கி உள்ளே வைத்தார்கள், 2004-ல் விட்டார்கள், 2015-ல் மறுபடி உள்ளே வைத்தார்கள், 2018-ல் மாமன்னர் மன்னிப்புக் கொடுத்து வெளியே வந்தார். அது பழிவாங்கல் என்று நான் இன்றும் நம்புகிறேன். ஒரே நாடு, ஒரே சிறைத்துறை. ஆகவே "முன்னாள் தலைவர்மீது வழக்கு" என்று மொத்தமாக ஒரு பதில் சொல்ல முடியாது.


சட்டக்கல்லூரி மூன்றாமாண்டு:

அக்கா (அண்ணா என்றால் மன்னிக்கவும்), இது எனக்குப் பெரிய வெளிச்சம். தென் கொரியாவிலும் இப்படி ஒன்று. பார்க் கியூன் ஹே அதிபராக இருந்தபோது நடந்த ஊழலைத் துருவிய அரசு வழக்கறிஞர்களில் ஒருவர் யூன் சுக் இயோல். 2022-ல் அவரே அதிபரானார், 2025 ஜனவரியில் அவரையே கைது செய்தார்கள். ஆனால் அங்கே தண்டனை பெற்ற அதிபர்களுக்கு அடுத்தடுத்து மன்னிப்பும் கொடுத்துவிடுகிறார்கள். சுன் டூ ஹ்வானுக்கு 1996-ல் தூக்கு என்று தீர்ப்பு, 1997 டிசம்பரில் மன்னிப்பு. அது பாதி நீதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


நொய்யல்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதானுங்க இருந்தேன். எல்லாரும் தலைவர்களுக்கு என்ன ஆச்சு என்றே பேசுகிறீர்கள். பணம் கொடுத்தவர்களைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் என் தம்பிக்கு அரசு வேலை வாங்கித் தருவதாக ஒரு ஆள் வந்தார். எந்தத் துறை, எந்த ஆட்சி என்று சொல்ல மாட்டேன். மேலே வரை கொடுக்க வேண்டும் என்றார். அம்மா தாலிக்கொடியையும் என் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையையும் அடகு வைத்தார்கள். இரண்டு எருமையையும் விற்றோம். பணத்தை மஞ்சள் பையில் போட்டு, மேலே முருங்கைக்காயை வைத்து பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனது நான். வேலை வரவில்லை. கேட்டால், ஆட்சி மாறட்டும் புகார் கொடுக்கலாம் என்றார் ஊரில் ஒருவர். ஆட்சி மாறியது. புகார் எழுதினோம். கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சமாதானமாப் போயிட்டோம்"னு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டுவிட்டோம். வட்டி ஏறிக்கொண்டிருந்தது, வேறு வழியில்லை.

லஞ்சம் கொடுத்ததும் தப்புதான், தெரியும். அந்தத் தப்பை முருங்கைக்காய் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

அச்சுக்கோப்பவன் அண்ணா, வழக்கே பழிவாங்கல், போடவே வேண்டாம் என்றால் எங்களைப் போன்றவர்கள் யாரிடம் போவது? ஆட்சியில் இருக்கும்போது புகாரை வாங்கவே மாட்டார்கள். ஆட்சி போனபின் வாங்கினால் பழிவாங்கல் என்கிறீர்கள். அப்புறம் எப்பத்தான் வாங்குவதுங்க?


அச்சுக்கோப்பவன்:

அம்மா, நீங்கள் கேட்டதை இரண்டு மூன்று தடவை படித்தேன். எனக்குப் பதில் இல்லை. "நம்பக் கூடாது" என்று முதலில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். நடுராத்திரிக் கைதை இன்றும் வெறுக்கிறேன். ஆனால் நான் கைதைப் பார்த்துவிட்டு வழக்கே தப்பு என்று சொல்லிவிட்டேன்.


ஓய்வு எழுத்தர்:

நொய்யல் அம்மா சொன்ன அந்தச் "சமாதானக் காகிதம்" சின்ன விஷயம் இல்லை. செந்தில் பாலாஜி மீதான வேலைக்குப் பணம் வழக்கு, அதிமுக ஆட்சியில் அவர் போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்தது. அதில் ஒரு வழக்கைத் தரப்புகள் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்லி உயர் நீதிமன்றத்தில் 2021-ல் ரத்து வாங்கினார்கள். ஊழல் என்பது இரண்டு பேருக்குள் பேசித் தீர்க்கிற கடன் தகராறா என்ற கேள்வி வந்து, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை உயிர்ப்பித்தது. அதற்குள் அவர் திமுக அமைச்சர். 2023 ஜூனில் அமலாக்கத்துறை கைது, 471 நாள் சிறை, ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் மறுபடி அமைச்சர், 2025 ஏப்ரலில் ராஜினாமா. குற்றவாளியா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். 2011-க்கும் 2015-க்கும் நடுவில் பணம் கொடுத்ததாகச் சொல்லும் குடும்பங்கள் எத்தனை வருடமாகக் காத்திருக்கின்றன என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, வெளியில் தெரியாத வழி. மேல் விசாரணை. ஆட்சியிலிருந்து போனவர்மீது லஞ்ச ஒழிப்புத்துறை குற்றப்பத்திரிகை போடும். அவர் கட்சி திரும்பி வரும். அதே துறை, "மேற்கொண்டு விசாரித்தோம், தப்பு இல்லை" என்று முடிவறிக்கை கொடுக்கும். அதை வைத்துக் கோர்ட் விடுவிக்கும். மேல்முறையீடு செய்ய வேண்டியது அரசு, அது செய்யாது. இப்படித் திமுகவின் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு விஷயத்திலும் நடந்தது, அதிமுகவில் ஓ. பன்னீர்செல்வம் விஷயத்தில் 2012-லும் நடந்தது. 2023 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாகவே இந்தக் கட்டுகளைத் தருவித்துப் பார்த்தார். பொன்முடி வழக்கு ஒன்றை விழுப்புரத்திலிருந்து வேலூருக்கு மாற்றி, ஜூன் 23-ல் எழுத்துவாதம் வாங்கி, 28-ஆம் தேதி 226 பக்கத் தீர்ப்புக் கொடுத்திருந்தார்கள். 172 சாட்சி உள்ள வழக்கு. முப்பத்தோரு வருடத்தில் அந்த வேகத்தில் ஒரு தீர்ப்பு தட்டச்சு ஆனதை நான் பார்த்ததில்லை.

பழிவாங்கல் என்று நாம் பயப்படுவது வழக்குப் போடும் நாளை. நான் பயப்படுவது வழக்கு சாகிற நாளை. அன்றைக்கு ஊர்வலம் இருக்காது, டிவி இருக்காது. ஒரு பக்கக் காகிதம் வரும், கட்டில் சேர்ப்போம், ரெக்கார்டு ரூமுக்குப் போகும்.


சட்டக்கல்லூரி மூன்றாமாண்டு:

அப்படியானால் என்ன செய்யலாம் ஐயா? லஞ்ச ஒழிப்புத்துறை ஆளும் அரசின் கையில். அமலாக்கத்துறையும் சிபிஐயும் டெல்லி கையில். ஊழல் தடுப்புச் சட்டத்தில் வழக்குத் தொடர அனுமதி என்று 19-ஆம் பிரிவு, விசாரிக்கவே அனுமதி என்று 2018-ல் சேர்த்த 17ஏ. எல்லாக் கதவுக்கும் சாவி ஏதோ ஒரு கட்சியிடம்தான்.


ஓய்வு எழுத்தர்:

தம்பி, நான் சட்டம் எழுதுகிறவன் இல்லை. பார்த்ததை வைத்து மூன்று காரியம் சொல்வேன். ஆட்சி மாறினால் அந்த ஆட்சியின் அமைச்சர்கள் மீதுள்ள வழக்கு தானாக வேறு மாநிலத்துக்குப் போக வேண்டும், யாரும் மனுப் போடாமலே. அரசு வழக்கறிஞரை உயர் நீதிமன்றம் நியமிக்க வேண்டும். சாட்சி ஒருமுறை சொல்லி முடித்தால் அன்றே குறுக்கு விசாரணையும் முடிய வேண்டும், வாய்தா கிடையாது. மூன்றில் ஒன்றுதான் என்றால் நான் கடைசியைக் கேட்பேன். நடுவில் ஒன்றரை வருடம் விட்டால் சாட்சி நம் சாட்சியாக இருக்காது.


வைகைக்கரை:

ஐயா, அந்தக் கிராம உதவியாளர் அப்புறம் என்ன ஆனார்? அப்பா கேட்கச் சொன்னார். மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்ட முதல் வார்த்தை அதுதான்.


ஓய்வு எழுத்தர்:

பிரமுகர் விடுதலை ஆனார். மூன்று வருடம் கழித்து ஆட்சி மறுபடி மாறியது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மகனுக்கு வேலை நிரந்தரமாகவில்லை, அனுப்பிவிட்டார்கள் என்றார். அப்புறம், "அன்னைக்குச் சொன்னதை மாத்திச் சொல்ல வழி இருக்குங்களா?" என்று கேட்டார். மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது, கட்டு மேலே போய்விட்டது என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். "அந்தக் காகிதத்தை ஒரு தடவை பாக்க முடியுங்களா, என் கையெழுத்துதான் அது" என்றார்.

காட்ட எனக்கு அதிகாரம் இல்லை. காட்டவில்லை.